உமிக் கொதிகலனும் புகைக்கூண்டுச் சோதனையும்: தம்பலகாமத்து ஆலை ஒன்றின் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வி இதுதான்: திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் நெல் அவிக்கும் ஆலை. கொதிகலன் உமியில் எரிகிறது. சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில் புகைக்கூண்டுச் சோதனை அறிக்கை (கூண்டு வழியே வெளியேறும் தூசியையும் வாயுவையும் அளந்த அறிக்கை) கேட்கிறார்கள். கொழும்பிலிருந்து வந்த குழு, கூண்டில் மாதிரி எடுக்கும் துளை சரியான இடத்தில் இல்லை என்று அளக்காமலே திரும்பிவிட்டது. அக்கம்பக்கத்தில் கொடியில் காயும் துணியில் கரி விழுகிறது என்று முறைப்பாடும் உண்டு. இனி என்ன செய்வது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சோதனையின் முடிவு குழு வந்து இறங்கும் நாளில் தீர்மானமாவதில்லை. துளை எங்கே போடப்பட்டது, சைக்ளோனின் (புகையைச் சுழற்றிச் சாம்பலைப் பிரிக்கும் கூம்புக் கருவி) அடிப்பகுதி எவ்வளவு இறுக்கமாக மூடியிருக்கிறது, உமி அடுப்புக்குள் எவ்வளவு சீராக விழுகிறது ஆகிய மூன்றும் அதற்கு முன்னமே முடிவை எழுதிவிடுகின்றன. துணியில் விழும் கரியும் அறிக்கையில் வரும் மில்லிகிராமும் ஒரே சாம்பல்தான். ஒன்றைச் சரிசெய்தால் மற்றதும் சரியாகும்.

சட்டத்தின் பக்கம் சுருக்கமாக. அடிப்படை 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். உரிமம் தருவது மத்திய சுற்றாடல் அதிகார சபை; சிறிய தொழில்களின் கடைசி வகைக்கு மட்டும் பிரதேச சபை. புகைக்கூண்டிலிருந்து வெளியேறுவதற்கான வரம்புகள் 2019 ஜூன் மாதத்து 2126/36ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் உள்ளன. நிலையான மூலங்களின் வெளியேற்றக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் என்று கேட்டு வாங்குங்கள். அட்டவணையில் உங்கள் வரிசையைத் தேடும்போது மூன்றைப் பாருங்கள்: கொதிகலனின் கொள்ளளவு, எரிபொருளின் வகை, வரம்பு எந்த ஒட்சிசன் அளவுக்கு அல்லது எந்த மிகைக் காற்றுக்கு (எரியத் தேவையானதைவிடக் கூடுதலாக விடும் காற்று) சொல்லப்பட்டிருக்கிறது என்பது. மூன்றாவதைப் பலர் பார்க்காமல் விடுகிறார்கள். தோல்வி அறிக்கை வந்தபின் ‘எங்கள் எண் வரம்புக்குக் கீழே தானே’ என்று வாதாடுவது பெரும்பாலும் இதைப் பார்க்காததால்தான்.

துளை

குழு திரும்பிப் போனது அநியாயம் இல்லை. வளைவுக்கோ விசிறிக்கோ பக்கத்தில் காற்று ஒரு சுவரோரம் ஒதுங்கி ஓடும், சுழலும். அங்கே எடுக்கும் மாதிரி எதையும் பிரதிநிதித்துவப்படுத்தாது. இலங்கையில் ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் பின்பற்றுவது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் முறைகளை. அதன் 1ஆம் முறைப்படி, கடைசி வளைவு அல்லது விசிறி நுழைவாயிலிலிருந்து கூண்டின் உள்விட்டத்தைப் போல 8 மடங்கு உயரத்தில் துளை இருக்க வேண்டும். துளையிலிருந்து கூண்டின் வாய் வரை 2 மடங்கு மிச்சம் இருக்க வேண்டும். இடமே இல்லாவிட்டால் ஆகக் குறைந்தது 2 மடங்கும் அரை மடங்கும். ஆனால் அப்படிக் குறையக் குறைய அளக்க வேண்டிய புள்ளிகள் கூடும். 24 வரை போகும். நேரமும் செலவும் கூடுவதோடு மேலே நிற்கும் ஆட்களும் களைத்துப் போவார்கள்.

உங்கள் கூண்டின் உள்விட்டம் 50 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 8 மடங்கு என்றால் 4 மீற்றர், 2 மடங்கு என்றால் 1 மீற்றர். விசிறியின் வாய் தரையிலிருந்து ஒன்றரை மீற்றரில் கூண்டுக்குள் நுழைந்தால், துளை ஐந்தரை மீற்றரில் வரும். அதற்கு மேலே ஒரு மீற்றராவது கூண்டு இருந்தால் போதும். ஒட்டு வேலை (வெல்டிங்) செய்பவரை அழைப்பதற்கு முன் உள்விட்டத்தை நீங்களே அளந்து உறுதிப்படுத்துங்கள். வெளிச்சுற்றளவை 3.14ஆல் வகுத்து, தகட்டின் தடிப்பை இருபக்கமும் கழிக்க வேண்டும். உள்ளே செங்கல் பூச்சு இருந்தால் அதையும் கழியுங்கள்.

துளைகள் இரண்டு வேண்டும், ஒன்றுக்கொன்று 90 பாகையில். 4 அங்குலக் குழாய்த் துண்டை ஒட்டி, பிளான்ஜ் வைத்து, மூடி போட்டு ஆணி முறுக்குங்கள். குழாய்த் துண்டு வெளியே 10 சென்ரிமீற்றருக்கு மேல் நீள வேண்டாம். நீண்டால் உள்ளே போகும் புரோப் (மாதிரியை உறிஞ்சும் நீண்ட குழாய்) சாயும், சுவரில் உரசும். கடற்காற்று வீசும் மாவட்டம் இது, சாதாரண ஆணி ஒரு வருடத்தில் துருப்பிடித்துப் போகும். துருப்பிடிக்காத உருக்கு ஆணி போட்டு, சூடு தாங்கும் கிரீஸ் தடவுங்கள். சோதனைக்கு ஒரு வாரம் முன் மூடியைக் கழற்றி, குழாய்த் துண்டின் உட்பக்கத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தமாகத் தேய்த்து எடுங்கள். நொசில் (புரோப்பின் நுனி வாய்) உள்ளே போகும்போது அந்தத் துரு ஒரு செதில் விழுந்தால், அதன் நிறையும் உங்கள் தூசியாகவே கணக்கில் ஏறும். ஒரு மணி நேரத்தில் எடுக்கும் முழுத் தூசியே நூறு, இருநூறு மில்லிகிராம்தான். ஒரு துருச் செதில் அதில் எவ்வளவு பங்கு என்று எண்ணிப் பாருங்கள்.

நிற்கும் மேடை துளைக்கு ஒரு மீற்றர் கீழே இருந்தால் வேலை செய்ய வசதி. இரண்டு துளைக்கும் முன்னால் நேராக இரண்டு மீற்றர் தடையில்லாத வெளி தேவை, ஏனென்றால் புரோப்பை முழுதாக வெளியே இழுக்க வேண்டும். இடுப்புக்கு மேல் உயரும் கைப்பிடி, நிலையான ஏணி, மேலே 230 வோல்ட் இணைப்பு இரண்டு. மூங்கில் சாரம் கட்டி ஏறச் சொல்ல வேண்டாம். சூடான கூண்டின் பக்கத்தில் முப்பது கிலோ சாமானோடு ஆட்கள் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இன்னொன்று. சைக்ளோனிலிருந்து வரும் காற்று பக்கவாட்டில் கூண்டுக்குள் நுழைந்தால், எட்டு மடங்கு உயரத்திலும் அது திருகியபடியே மேலே போகலாம். குழு முதலில் பிட்டோ குழாயை (காற்றின் வேகம் அளக்கும் குழாய்) திருப்பிப் பார்க்கும். அதன் மானோமீற்றர் (அழுத்தம் காட்டும் கருவி) பூச்சியம் காட்டும் வரை எத்தனை பாகை திருப்ப வேண்டியிருக்கிறது என்று ஒவ்வொரு புள்ளியிலும் குறிக்கும். சராசரி 20 பாகையைத் தாண்டினால் அந்த இடத்தில் அளக்கக் கூடாது. அதற்கு மருந்து கூண்டின் அடியில், நுழைவாயிலுக்குச் சற்று மேலே, சிலுவை வடிவில் தகடு வைத்து ஒட்டுவது. புதிதாகத் துளை போடும்போதே அதையும் செய்துவிட்டால் பிறகு கூண்டை மறுபடி திறக்கத் தேவையில்லை.

அளக்கும் நாள்

50 சென்ரிமீற்றர் கூண்டில், துளை சரியான உயரத்தில் இருந்தால், ஒரு விட்டத்துக்கு 4 வீதம் 8 புள்ளிகள் போதும். அவை விட்டத்தின் 6.7, 25, 75, 93.3 சதவீதத்தில் விழும். அதாவது உட்சுவரிலிருந்து 3.4, 12.5, 37.5, 46.6 சென்ரிமீற்றர். புரோப்பில் இந்தத் தூரங்களை நாடா ஒட்டிக் குறிப்பார்கள். அப்போது குழாய்த் துண்டின் நீளத்தையும் ஒவ்வொன்றோடும் கூட்ட வேண்டும். அதைக் கூட்ட மறந்தால் முதல் புள்ளியில் நொசில் கூண்டுக்குள்ளேயே போயிருக்காது, துண்டின் உள்ளே தேங்கிய காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும். கீழே நிற்கும் நீங்கள் கேட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கேள்வி இது. கேட்டால் யாரும் குறையாக எடுக்க மாட்டார்கள்.

முதலில் வேகம். எஸ் வடிவப் பிட்டோ குழாயின் குணகம் வழக்கமாக 0.84. வாயு 160 பாகை செல்சியஸ், மானோமீற்றரில் 4 மில்லிமீற்றர் நீர் என்றால் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 8.3 மீற்றர் வரும். இவ்வளவு சின்ன எண்ணை வாசிப்பதால்தான் கச்சான் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் தொல்லை. மேடை ஆடும், சாய்ந்த மானோமீற்றரின் எண்ணெய் நிலைகொள்ளாது. காலை வேளையில் தொடங்கினால் காற்று எழுவதற்குள் இரண்டு ஓட்டமாவது (ஒரு முழு மாதிரி எடுப்பு ஓர் ஓட்டம்) முடியும்.

தூசிக்கு 5ஆம் முறை. அதன் முழுச் சூட்சுமமும் ஒரே இடத்தில் உள்ளது: நொசிலின் வாய்க்குள் காற்று நுழையும் வேகமும் அதைச் சுற்றிக் கூண்டில் காற்று ஓடும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐசோகைனடிக் என்று சொல்வது இதைத்தான். நொசில் மெதுவாக உறிஞ்சினால், வழிவிட வேண்டிய வாயு விலகிப் போகும். பாரமான துகள் அப்படித் திரும்பாது, நேரே உள்ளே விழும்; முடிவு உண்மையைவிடக் கூடும். வேகமாக உறிஞ்சினால் பக்கத்து வாயுவும் சேர்ந்து உள்ளே வரும், ஆனால் அதிலிருந்த பாரமான துகள் தன் பாதையிலேயே போய்விடும், முடிவு குறையும். அனுமதிக்கப்பட்ட எல்லை, கூண்டு வேகத்தின் 90 முதல் 110 சதவீதம். அதற்கு வெளியே போன ஓட்டம் செல்லாது. 110ஐத் தாண்டிய ஓட்டம் உங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கும், ஆனால் அதை ஏற்றுக்கொண்டு கையெழுத்து வாங்க வேண்டாம். அலுவலர் அந்தப் பக்கத்தைப் புரட்டினால் முழு அறிக்கையும் போய்விடும்.

மேலே சொன்ன 8.3 மீற்றர் வேகத்துக்கு ஏறத்தாழ 9.5 மில்லிமீற்றர் நொசில் பொருந்தும். ஈரப்பதன் 12 சதவீதம் அளவில் என்றால் வாயு அளக்கும் மீற்றர் வழியாக நிமிடத்துக்கு 22 லீற்றர் போகும். புள்ளிக்கு 8 நிமிடம், 8 புள்ளிக்கு 64 நிமிடம். ஒன்றரைக் கன மீற்றருக்குச் சற்றுக் குறைவான மாதிரி. இப்படி மூன்று ஓட்டங்கள். துளை மாற்றுவது, கசிவு பார்ப்பது, கழுவுவது எல்லாம் சேர்த்தால் ஒரு முழு நாள் ஓடிவிடும். அரை நாளில் முடித்துத் தருகிறோம் என்று சொல்லும் விலைப்பட்டியலை விட்டுவிடுங்கள்.

உறிஞ்சிய வாயு சூடான புரோப் வழியாக 120 பாகையில் வைத்த கண்ணாடி இழைப் பில்டருக்கு (வடிகட்டிக்கு) போகிறது. சூடு குறைந்தால் நீராவி பில்டரிலேயே ஒடுங்கும். நனைந்த பில்டர் ஆதாரத்தோடு ஒட்டிக்கொண்டு எடுக்கும்போது கிழியும். பிறகு இம்பிஞ்சர்கள் (ஈரத்தைப் பிடிக்கும் கண்ணாடிப் போத்தல்கள்) நான்கு: முதல் இரண்டில் 100 மில்லிலீற்றர் வீதம் நீர், மூன்றாவது வெறுமை, நான்காவதில் 200 முதல் 300 கிராம் சிலிக்கா ஜெல். எல்லாம் ஐஸுக்குள் நிற்கும். கடைசி இம்பிஞ்சரை விட்டு வரும் வாயு 20 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் மேடையில் ஐஸ் அரை மணி நேரத்தில் தண்ணீராகிவிடும். முதல் நாளே மீன் வாடிக்குக் கொடுக்கும் ஐஸ் கட்டியாக வாங்கி, உடைத்து, பெட்டியில் போட்டு வையுங்கள். மூன்று ஓட்டத்துக்கு இருபது கிலோவாவது வேண்டும். ஐஸ் தீர்ந்துபோனால் நீலமான ஜெல் மளமளவென்று இளஞ்சிவப்பாக மாறும். ஈரம் பிடிபடாமல் பம்புக்குப் போகும், ஈரப்பதன் குறைவாகக் கணக்காகும், அதை வைத்துப் போட்ட வேகமும் சதவீதமும் எல்லாமே தடம் மாறும்.

கசிவுச் சோதனையை நேரில் நின்று பாருங்கள். நொசிலை அடைத்து, 380 மில்லிமீற்றர் பாதரச வெற்றிடம் வரும் வரை பம்பை இழுத்து, ஒரு நிமிடம் மீற்றரைக் கவனிக்க வேண்டும். நிமிடத்துக்கு 0.57 லீற்றருக்கு மேல் முள் நகரக்கூடாது. ஓட்டம் முடிந்தபின் கட்டாயம் இன்னொரு முறை, அந்த ஓட்டத்தில் எட்டிய உச்ச வெற்றிடத்தில். முடிவில் கசிந்தால் அந்த மாதிரிக்கு உறிஞ்சிய காற்றில் வெளிக்காற்றும் கலந்திருக்கிறது என்று பொருள்.

முடிந்தபின் பில்டரைத் தட்டில் எடுத்து வைப்பதோடு வேலை முடிவதில்லை. நொசிலும் புரோப்பின் உள்குழாயும் பில்டர் தாங்கியின் முன்பாதியும் அசிற்றோன் ஊற்றித் தூரிகை விட்டுக் கழுவப்பட வேண்டும். உமிச் சாம்பல் கரடுமுரடானது, குழாயின் சுவரில் நிறையவே தங்கும். சில வேளை பில்டரில் உள்ளதற்குச் சமமான அளவு கழுவிய நீரில் கிடைக்கும். கழுவுநீர் கறுப்பாக வந்துகொண்டிருக்கும்போதே போத்தலை மூடினால் அது அரைச் சோதனை. தெளிவாக வரும் வரை கழுவ வேண்டும். போத்தலில் திரவ மட்டத்தைக் கோடு போட்டுக் குறிப்பார்கள், கொழும்பு வரை ஓடும் வானில் சிந்தியதா என்று அங்கே தெரிவதற்காக. ஆய்வுகூடத்தில் பில்டரை 24 மணி நேரம் உலர்த்தி, 0.1 மில்லிகிராம் தராசில், இரண்டு நிறுவைகளுக்கிடையே வித்தியாசம் 0.5 மில்லிகிராமுக்குள் வரும் வரை நிறுப்பார்கள். அதனால் மறுநாளே அறிக்கை கேட்டுத் தொலைபேசி எடுப்பதில் பயனில்லை.

ஒட்சிசன் திருத்தம்

விசிறியை முழுதாகத் திறந்துவிட்டால் புகை ஐதாகும், மில்லிகிராம் குறையும் என்ற யோசனை பல ஆலைகளில் உண்டு. புகை ஐதாவது உண்மைதான். ஆனால் அறிக்கையில் வரும் எண் ஒட்சிசனுக்குத் திருத்தப்பட்ட எண். அளந்த எண்ணை, 20.9இலிருந்து (வெளிக்காற்றின் ஒட்சிசன் சதவீதம்) நியம ஒட்சிசனை, அதாவது வரம்பு சொல்லப்பட்ட ஒட்சிசன் அளவை, கழித்து வருவதால் பெருக்கி, 20.9இலிருந்து அளந்த ஒட்சிசனைக் கழித்து வருவதால் வகுப்பார்கள்.

நியமம் 6 சதவீதம் என்று உதாரணத்துக்கு எடுப்போம். கூண்டில் ஒட்சிசன் 14 சதவீதம், தூசி கன மீற்றருக்கு 120 மில்லிகிராம். 14.9ஐ 6.9ஆல் வகுத்தால் 2.16. திருத்திய எண் 259. இப்போது காற்றுக் கசிவுகளை அடைத்து ஒட்சிசனை 10க்குக் கொண்டுவந்தால், அதே சாம்பல் குறைந்த வாயுவில் இருப்பதால் அளந்த எண் 190 ஆகும். திருத்தினால் மறுபடி 259 தான். ஐதாக்குவதால் ஒரு மில்லிகிராம்கூட லாபமில்லை. நட்டம் மட்டும் உண்டு. காற்று கூடும்போது அடுப்பில் உமி பறக்கும் வேகம் கூடும், சாம்பல் அதிகமாகக் கிளம்பும், சூடும் கூண்டு வழியே போகும். ஒட்சிசன் 17க்குப் போய்விட்டால் பெருக்கம் 3.8 மடங்கு, அந்த இடத்தில் ஒட்சிசன் அளக்கும் கருவி 0.3 தவறினாலே முடிவு எட்டுச் சதவீதம் அளவில் ஆடும். வரம்புக்கு அருகில் இருப்பவர்களுக்கு அது வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலான தூரம்.

சோதனை நாளன்று கொதிகலனைப் பாதிச் சுமையில் ஓட்டுவதும் இதே கதைதான். ஒட்சிசன் ஏறும், திருத்தம் பெருகும். கூண்டில் வேகம் இறங்கி, மானோமீற்றரில் 1.3 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் சாதாரணக் கருவியால் வாசிக்கவே முடியாது. மேலும், அன்று எவ்வளவு உமி போனது, நீராவி அழுத்தம் எவ்வளவு என்பதெல்லாம் அறிக்கையில் எழுதப்படும். உரிமத்தில் உள்ள கொள்ளளவோடு ஒத்துப் பார்ப்பவர் கேள்வி கேட்பார். வழக்கமான முழு வேலையில், மூன்று ஓட்டமும் ஒரே மாதிரி, அன்றாடம் எரிக்கும் அதே உமியோடு ஓட்டுங்கள்.

சாம்பல் எங்கிருந்து வருகிறது

உமியின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். விறகில் ஒன்றிரண்டு சதவீதம்தான். அதனால் விறகிலிருந்து உமிக்கு மாறிய கொதிகலன்களில் பழைய சைக்ளோன் திணறுகிறது. மணிக்கு 350 கிலோ உமி எரித்தால் 70 கிலோ சாம்பல். அதில் கால்வாசி வாயுவோடு பறந்தால் பதினேழு கிலோவுக்கு மேல். இதை அந்த 50 சென்ரிமீற்றர் கூண்டில் மணிக்கு ஓடும் ஏறத்தாழ 3300 நியமக் கன மீற்றர் வாயுவில் பிரித்தால், கன மீற்றருக்கு ஐந்து கிராமுக்கு மேல் வருகிறது. எண்பது சதவீதம் பிடிக்கும் சைக்ளோன் இருந்தாலும் ஆயிரம் மில்லிகிராம் வெளியே. ஆக, பிடிக்கும் கருவி நன்றாக வேலை செய்தாலே ஒழிய எந்த வரம்பையும் எட்ட முடியாது.

சைக்ளோனில் முதலில் பார்க்க வேண்டியது அடிக்கூம்பு. உறிஞ்சு விசிறி சைக்ளோனுக்குப் பின்னால் இருப்பதால், உள்ளே வெளியைவிட அழுத்தம் குறைவு. அடியில் சாக்குப் பையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாலோ, சாம்பல் அள்ளத் திறந்த கதவை மூடாமல் விட்டிருந்தாலோ, வெளிக்காற்று கூம்பின் நுனி வழியாக மேலே பாயும். பிடிபட்டுக் கீழே இறங்கும் சாம்பலை அது அள்ளிக்கொண்டு நடுச்சுழலில் போட்டு நேரே கூண்டுக்கு அனுப்பும். கை வைத்துப் பாருங்கள். ஒரு சிறு தாள் துண்டை அடிவாயின் பக்கம் பிடித்தால் உள்ளே இழுபடும். இழுபட்டால் அங்கேதான் உங்கள் அயலவரின் துணியில் விழும் கரி இருக்கிறது. இதற்கு மருந்து ரோட்டரி வால்வு (சுழன்றபடி சாம்பலை இறக்கி, காற்றை விடாத அடைப்பு), அது முடியாவிட்டால் ஒன்று மூடிய பின்னரே மற்றது திறக்கும் இரட்டைக் கதவு. கூம்பில் சாம்பல் நிரம்பி மேலே ஏறவும் விடக்கூடாது. ஷிப்டுக்கு ஒரு முறை அள்ளினால் போதும் என்பது விறகுக் காலத்துப் பழக்கம். உமிக்கு அது சரிவராது. கூம்பின் தகடு ஓட்டையாகியிருக்கிறதா என்றும் தட்டிப் பாருங்கள். உமிச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா. அரத்தைப் போல் உருக்கைத் தேய்க்கும்.

சைக்ளோன் நன்றாக இருந்தாலும் 5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த துகளை அது அவ்வளவாகப் பிடிக்காது. வீடுகள் நெருங்கிய இடத்தில் நுரையீரலுக்குள் போவது அதுதான். அதற்கு நீர்த்தெளிப்பு ஸ்கிரப்பர் அல்லது பைப் பில்டர் (துணிப் பைகளால் ஆன வடிகட்டி). பைப் பில்டர் தூசியை மிக நன்றாகப் பிடிக்கும், ஆனால் தணல் பறந்து பை எரியும் அபாயம் உமியில் உண்டு; முன்னால் சைக்ளோன் இல்லாமல் வைக்க வேண்டாம். ஸ்கிரப்பர் வைத்தால் இரண்டு விஷயம். ஒன்று, கழிவுநீர்: குறைந்தது இரண்டு தொட்டிகளில் படியவிட்டு மீண்டும் சுற்றவிட வேண்டும், வாய்க்காலில் விட்டால் அது இன்னொரு குற்றம். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஆலைக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டும். மற்றது, சோதனை: நீர்த்துளி கூண்டுக்குள் பறந்தால் இம்பிஞ்சரில் ஈரப்பதன் பொய்யாகக் கூடும். வாயுவின் வெப்பநிலைக்கு உரிய நிறைவுற்ற அளவையும் கணக்கிட்டு, இரண்டில் குறைந்ததை எடுக்க வேண்டும். துளி தடுக்கும் தகடு ஸ்கிரப்பருக்கு மேலே இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

எரிப்பதிலும் கொஞ்சம் கவனம். கறுப்புப் புகை என்றால் உமி கூடி, காற்றுப் போதவில்லை. வெள்ளையும் மஞ்சளும் கலந்த, கண்ணை எரிக்கும் புகை என்றால் உமி ஈரம். வாடைக் காற்றோடு மழை தொடங்கும் மாதங்களில் திறந்த வெளியில் கொட்டிய உமிதான் இதற்குக் காரணம். கூரை போட்ட கொட்டில் ஒன்று, எந்தக் கருவியையும்விட மலிவு. சட்டியால் அள்ளி வீசும் அடுப்பில் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கரும்புகை எழும். திருகு அல்லது காற்றுவழி ஊட்டி வைத்துச் சீராக விழவைத்தால் காபனோரொட்சைட்டும் தூசியும் சேர்ந்தே குறையும்.

கண்ணால் புகையடர்த்தி பார்க்கும் முறையும் உண்டு, அதைப் பழகிக்கொள்வது ஆலைக்கு நல்லது. சூரியன் முதுகுப்பக்கம் இருக்க, புகை போகும் திசைக்குக் குறுக்காக நின்று, 15 செக்கனுக்கு ஒரு முறை, 6 நிமிடத்துக்கு 24 தடவை பார்த்து சராசரி எடுப்பார்கள். நீராவி கலந்த வெண்புகையென்றால் ஆவி மறைந்தபின் மிஞ்சும் பகுதியைப் பார்க்க வேண்டும். அதிகாரபூர்வப் பதிவுக்குப் பயிற்சி பெற்றவர் தேவை. ஆனால் கொதிகலன்காரர் காலையும் மாலையும் இப்படிப் பார்த்துக் கொப்பியில் எழுதினால், எந்த நேரத்தில் புகை கெடுகிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

வாயுக்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உமியில் கந்தகம் மிகக் குறைவு. நீங்கள் எப்போதாவது உலை எண்ணெய்க்கு மாறினால் நிலைமை வேறு: எண்ணெயில் 1 சதவீதம் கந்தகம் இருந்தால், 3 சதவீத ஒட்சிசனில், கன மீற்றருக்கு ஏறத்தாழ 1700 மில்லிகிராம் கந்தகவீரொட்சைட்டு வரும். அதை அடுப்பைச் சரிசெய்து குறைக்க முடியாது, வாங்கும் எண்ணெயில்தான் குறைக்கலாம்.

அறிக்கை கைக்கு வந்ததும்

கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போன்ற அரச நிறுவனங்களும் சில தனியார் ஆய்வுகூடங்களும் இந்தச் சோதனையைச் செய்கின்றன. யாரை அழைத்தாலும், ஆய்வுகூடத்துக்குள் நிறுப்பதற்கு மட்டுமல்லாமல் களத்தில் மாதிரி எடுப்பதற்கும் தரச்சான்று இருக்கிறதா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். அவர்கள் தரும் முறையை அதிகார சபை ஏற்குமா என்பதையும் மாவட்ட அலுவலகத்தில் உறுதிசெய்து கொள்ளுங்கள்.

அறிக்கையில் கடைசிப் பக்கத்து எண்ணை மட்டும் பார்த்து மடித்து வைக்க வேண்டாம். மூன்று ஓட்டமும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஐசோகைனடிக் சதவீதம், முன்னும் பின்னும் கசிவு, ஒட்சிசன், ஈரப்பதன், வெப்பநிலை. உமிக் கொதிகலனில் ஈரப்பதன் இரண்டு சதவீதம் என்று இருந்தால் இம்பிஞ்சரில் ஏதோ பிழை. ஒட்சிசன் 20 என்று இருந்தால் கருவிக்குள் வெளிக்காற்றுப் போயிருக்கிறது. மூன்று ஓட்டமும் ஒரே எண்ணாக இருந்தால் அதை நம்ப முடியாது. உண்மையான கூண்டு அப்படி நடந்துகொள்ளாது. கன மீற்றர் எந்த நிலைக்கு என்பதையும் பாருங்கள். நியமக் கன மீற்றர் என்பது 0 பாகை செல்சியஸில். அமெரிக்க முறையின் நியமம் 20 பாகை. இரண்டுக்கும் இடையே ஏழு சதவீத வித்தியாசம். 20 பாகையில் 140 என்றால் 0 பாகையில் 150. வரம்பு எந்த நிலைக்குச் சொல்லப்பட்டதோ அதற்கு மாற்றியபிறகுதான் ஒப்பிட வேண்டும். வாயுக்களுக்கும் இப்படியே: காபனோரொட்சைட்டு மில்லியனுக்கு 100 பங்கு என்றால் 0 பாகையில் 125 மில்லிகிராம்.

சம்பூரில் நிலக்கரி மின்னிலையம் வரும் என்ற பேச்சு இருந்த காலத்தில் மாவட்டமே புகைக்கூண்டைப் பற்றிப் பேசியது. 2016இல் அது கைவிடப்பட்டதோடு பேச்சும் அடங்கியது. ஆனால் உயரமான பெரிய கூண்டைவிட, ஓட்டுக் கூரைக்குச் சற்று மேலே புகை விடும் பத்து மீற்றர்க் கூண்டுதான் பக்கத்து வீட்டின் மூச்சுக்கு நெருக்கம். எனவே கூண்டின் உயரத்தைப் பற்றி ஒழுங்குவிதி சொல்வதையும் துளை போடும் அதே வேலையில் பாருங்கள். உயர்த்த வேண்டியிருந்தால் துளைக்கு மேலே கிடைக்கும் அந்த மிச்ச உயரமும் அளவீட்டுக்கு உதவும்.

நாள் குறிப்பதற்கு ஒரு கணக்கு. பெரும்போக நெல் வந்து ஆலை முழு வேகத்தில் ஓடும் பங்குனி, சித்திரையில் சோதனையை வைத்தால் சுமையும் இருக்கும், உமியும் உலர்ந்திருக்கும், கச்சானும் எழுந்திருக்காது. அதற்குத் தை மாதத்திலேயே துளையும் மேடையும் சைக்ளோன் அடியும் முடிந்திருக்க வேண்டும். மாசியில் சிறிய வாயு அளவி ஒன்றை வாடகைக்கு எடுத்து, புதுத் துளையிலேயே ஒட்சிசனையும் காபனோரொட்சைட்டையும் இரண்டு நாள் பார்த்து, கசிவுகளை அடையுங்கள். உரிமம் முடியும் திகதி அதற்கு முன்னால் வந்தால், வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் படங்களோடும் ஆய்வுகூடத்தின் விலைப்பட்டியலோடும் இப்போதே எழுத்தில் மாவட்ட அலுவலகத்துக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வையுங்கள்.